இரண்டாவது கன்ட்ரோலர்

தோற்க வேண்டும். தோற்பது தெரியாமல் தோற்க வேண்டும். அம்மா அப்படித்தான் சொல்லியிருக்கிறாள், சாப்பிட்ட இலைகளை எடுத்துக்கொண்டு போகும்போது, என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "மாப்பிள்ளைக்குப் பொழுது போகணும்டா அரசு. அந்த டப்பாவைப் போட்டு அவரோட ரெண்டு ஆட்டம் ஆடு. ஜெயிக்கிறேன் கிழிக்கிறேன்னு நிக்காத. இன்னிக்கு ஒரு நாள் விட்டுக்குடு, உனக்குப் புண்ணியமாப் போகும்." ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில், வயிறு முட்டக் கறிச்சோறு தின்றுவிட்டு, என் அக்கா வாசுகியின் புருஷன் நிர்மல்குமார் எங்கள் கூடத்துப் பாயில் இரண்டு தலையணைகளை முதுகுக்குக் கொடுத்துச் சாய்ந்துகொண்டு, என் டிவியில், என் கேம் பெட்டியில், இருப்பதில் நல்ல கன்ட்ரோலரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைத் தோற்கடித்துக்கொண்டிருக்கிறார். ஃபுட்பால் ஆட்டம். நான் என் கோல்கீப்பரை அசையாமல் நிறுத்தி வைக்கிறேன். பந்து அவனைத் தாண்டி உள்ளே போகிறது. "பாத்தியா மச்சான், எந்த ஆங்கிள்ல விட்டேன் பாத்தியா?" பார்த்தேன் அத்தான். சூப்பர் அத்தான். இந்தச் சூப்பர் அத்தான் என் வாயிலிருந்து நான் கேட்காமலே வருகிறது, ஏப்பம் வருகிற மாதிரி. முன் அறையில் அப்பாவும், இவருடைய தாய்மாமன் சபாபதியும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பேச்சு என்ன பேச்சு, எல்லாம் முடிந்துவிட்டது, அக்காவை இன்றைக்கே கூட்டிக்கொண்டு போகிறார்கள். நாலரைக்கு ராகு காலம் ஆரம்பம், அதற்குள் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். அவள் பை கதவோரம் ஜிப் போட்டு நிற்கிறது. அதுவரைக்கும் மாப்பிள்ளையின் முகம் வாடாமல் பார்த்துக்கொள்வதுதான் எனக்குக் கொடுத்திருக்கிற வேலை. பந்தை நடுவில் வைத்து மறுபடி ஆரம்பிக்கிறேன், அவர் காலுக்கே நேராக உதைத்துக் கொடுக்கிறேன், எடுத்துக்கொண்டு போங்கள் அத்தான், வழி முழுக்கத் திறந்துதான் கிடக்கிறது.

நான் தனியாக ஆடுகிறவன். இதைச் சொன்னால் எல்லோரும் என்னை ஏதோ சோதாப் பயலைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள். தனியா ஆடுறதுல என்னடா இருக்கு, மெஷினோட என்ன சண்டை, நாலு பேரோட ஆடுடா, அதுதான்டா கிக்கு. அந்தக் கிக்கை நானும் பார்த்தாயிற்று. பெங்களூர்க் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன், வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் டீம் ஒற்றுமைக்காக எல்லோரும் ஆன்லைனில் சேர்ந்து துப்பாக்கி ஆட்டம் ஆட வேண்டும், மேனேஜர் நடுத்தெருவில் துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நிற்பார், பன்னிரண்டு பேர் அவரைச் சுற்றிச் சுற்றி ஓடி ஒருவன்கூட அவரைச் சுடாமல் வானத்தைப் பார்த்துச் சுடுவோம், ஏனென்றால் திங்கட்கிழமை என்று ஒன்று இருக்கிறதே. முன்பின் தெரியாதவர்களோடு ஆடினால் இன்னும் மோசம், பத்து வயசுப் பிள்ளை ஒன்று புரியாத பாஷையில் என் அம்மாவைத் திட்டும், திட்டுகிறான் என்பது மட்டும் நன்றாகப் புரியும். எனக்கு என் பனிமலை போதும். ஒரே ஓர் ஆள், முதுகில் ஒரு மூட்டை, ஏற வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். கால் வழுக்கினால் விழுவேன், விழுந்தால் சாவேன், மறுபடி அடிவாரத்திலிருந்து ஏறுவேன். மலைக்கு என்மேல் கோபமும் கிடையாது, பிரியமும் கிடையாது. நான் உச்சிக்குப் போனால் அது மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாது. அதற்குத் தாய்மாமன் கிடையாது. மனிதர்களோடு ஆடும்போது யாரும் ஆட்டத்தை ஆடுவதில்லை, எதிரே இருப்பவனின் முகத்தைத்தான் ஆடுகிறார்கள், இப்போது நான் ஆடிக்கொண்டிருக்கிறேனே அந்த மாதிரி, ஓரக்கண்ணால் அவர் மீசையைப் பார்த்துக்கொண்டு, அது சிரிக்கிறதா, சிரிப்பு எவ்வளவு தூரம் போயிருக்கிறது, இன்னொரு கோல் கொடுக்கலாமா, அடுத்தடுத்துக் கொடுத்தால் கண்டுபிடித்துவிடுவாரோ என்று. கண்டுபிடிக்க மாட்டார். ஜெயிக்கிறவனுக்குச் சந்தேகமே வராது என்பதை இன்றைக்குத்தான் கவனிக்கிறேன்.

"நீ இன்னும் அந்த மலை ஏறுற ஆட்டத்தைத்தான் ஆடிட்டிருக்கியா மச்சான்?" என்கிறார், பல்லிடுக்கில் சிக்கிய எதையோ நாக்கால் நோண்டிக்கொண்டே. ஆமாம் அத்தான். "தனியா ஆடுறவன்லாம் தோத்துடுவோம்னு பயப்படுறவன். தப்பா எடுத்துக்காத. நமக்கு எதுக்க ஒரு மனுஷன் இருக்கணும். மெஷினை ஜெயிச்சு என்ன பண்றது, அதுக்கு வலிக்கவா போகுது?" எதிரே இருப்பவனுக்கு வலிக்க வேண்டும் இவருக்கு. கறிக்குழம்பில் உப்பு சேர்வதுபோல ஆட்டத்தில் அது சேர்ந்திருக்க வேண்டும். சொல்லிவிட்டுக் காலை நன்றாக நீட்டிக்கொள்கிறார், டிவிக்கும் பெட்டிக்கும் சேர்த்து நான் போட்டு வைத்திருக்கிற எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தரையில் கிடக்கிறது, அதன் சிவப்பு சுவிட்சுக்குப் பக்கத்தில் அவருடைய கட்டைவிரல், நகம் ஒழுங்காக வெட்டி, சுத்தமாக. எல்லாமே சுத்தம்தான் இந்த மனிதரிடம். கல்யாணத்துக்கு விசாரித்தபோது ஊரே அதைத்தான் சொன்னது, சிகரெட் இல்லை, தண்ணி இல்லை, தெருவில் சத்தம் போட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை. போன மாதம் ஒரு காலையில் அக்கா ஒற்றைப் பையோடு ஆட்டோவில் வந்து இறங்கினபோது அம்மாவுக்குக் கேட்பதற்கு இரண்டே கேள்விகள் இருந்தன. அடிச்சாரா? இல்லம்மா. குடிச்சாரா? இல்லம்மா. அப்புறம் என்னடி? பள்ளிக்கூடத்தில் மேடையேறிப் பேசிக் கோப்பை வாங்கினவள், கல்யாணத்துக்கு முன்னால் காய்கறிக்காரனிடம் அரைமணி நேரம் வாதாடி ஜெயிக்கிறவள், வாயைத் திறந்து திறந்து மூடினாள். பக்கத்து வீட்டுக்கு அம்மா சொன்னது உடம்பு கொஞ்சம் சரியில்லை, ரெஸ்ட் எடுக்க வந்திருக்கிறாள் என்று.

எனக்கு மட்டும் சொன்னாள். மொட்டை மாடியில், துணி காயப்போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல். "அங்க நான் பாத்தது எதுவுமே நடக்கலைடா." எனக்குப் புரியவில்லை. இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டு மூன்றாவதுக்குத் தட்டை நீட்டுகிறவர், கோபம் வந்தால், எனக்கு நீ இன்னும் ஒண்ணுமே வைக்கல என்பாராம். இவள் சிரித்தாளாம், கேலி செய்கிறார் என்று. மாமியார் அடுப்பிலிருந்து திரும்பாமலே, ஆமா, வைக்கல என்பாளாம். சிரிப்பு அப்படியே நின்றுபோகும். போனைத் தூக்கிப் போட்டவர் அவர், போட்டதாக முடிவானது இவள். அலமாரிச் சாவியைப் பையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் போனவர் அவர், தொலைத்ததாக முடிவானது இவள். அந்த வீட்டில் அவருக்கு எதிராக எது நடந்தாலும் அது நடக்கவில்லை, அவ்வளவுதான், மாமியார் ஆமா என்பாள், மாமனார் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து ம் என்பார், மூன்று பேர் சொல்வதை விட்டுவிட்டு ஒருத்தி தன் கண்ணை எத்தனை நாளைக்கு நம்புவாள்? கேம் ஆடுவதில் அவருக்கும் ஆசை என்று தெரிந்தபோது அக்கா சந்தோஷப்பட்டாள், இங்கிருந்து அவளுடைய கன்ட்ரோலரைப் பத்திரமாகத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். முதல் நாளே ஜெயித்துவிட்டாள். அவளுக்கு ஜெயிக்காமல் ஆடத் தெரியாது. பட்டன் ஒட்டுது, இது கணக்கில்ல என்றாராம். அடுத்த நாளும் ஜெயித்தாள். கன்ட்ரோலரை அவள் கையிலிருந்து பிடுங்கிச் சுவரில் அடித்தாராம், அடித்துவிட்டு, குரலைக்கூட உயர்த்தாமல், அம்மா, இவ கன்ட்ரோலரைப் போட்டு உடைச்சுட்டா பாருங்க என்றாராம். இரண்டடி தள்ளி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மாமியார், "ஆமா, இவளுக்குக் கை நடுங்குது, நானும் கவனிச்சுட்டுத்தான் இருக்கேன்" என்றாள். மறுநாள் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். கை நடுக்கத்துக்கு. டாக்டரும் பார்த்துவிட்டு ரத்தம் கம்மி என்று இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். "தினம் போட்டுக்கிட்டேன்டா" என்றாள் அக்கா, ஈரத் துண்டை உதறி. "காலைல எந்திரிச்சதும் கையை நீட்டிப் பாப்பேன். நடுங்குதா நடுங்கலையான்னு எனக்கே தெரியல. நானே போட்டிருப்பனோ என்னமோ." அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் நேராகக் கீழே இறங்கினேன். அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "ரிமோட்டு உடைஞ்சதுக்கெல்லாம் ஒருத்தி வாழாவெட்டியா வந்து உக்காருவாளா? ஊரு காறித் துப்பாது?" என்றாள். ரிமோட்டு இல்லம்மா என்றேன், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்.

அக்கா பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவந்த அந்தக் கன்ட்ரோலர்தான் இப்போது என் கையில் இருக்கிறது. நல்லது விருந்தாளிக்கு, உடைந்தது வீட்டுக்காரனுக்கு, இந்த வீட்டில் தட்டு, தலையணை, மாம்பழம் எல்லாவற்றுக்கும் அதுதான் சட்டம். ஓரத்தில் ஒரு விரிசல், அதை அக்கா டேப் ஒட்டி வைத்திருக்கிறாள். இடது கட்டைவிரலுக்கு இருக்கிற குமிழ் கெட்டுப்போய்விட்டது, விரலை எடுத்தாலும் என் ஆட்டக்காரன் இடது பக்கமாகவே நடந்து போய்க்கொண்டிருக்கிறான், போய்ப் போய் கோட்டோரம் நிற்கிறான், அங்கேயும் நிற்காமல் நடக்கிறான். இவர் அதைப் பார்த்துச் சிரிக்கிறார். "உன் ஆளு எங்க மச்சான் போறான், மலை ஏறவா?" அத்தான், இதை யார் உடைத்தது என்று உங்களுக்குத் தெரியாதா? தெரியாது. அதுதான் பயங்கரம், உண்மையாகவே தெரியாது, அந்த முகத்தில் ஒரு நெளிவுகூட இல்லை, பொய் சொல்கிறவனாவது உண்மையை ஒரு மூலையில் வைத்திருப்பான். சின்ன வயதில் அக்காவும் நானும்தான் ஜோடி. அப்போது கேசட் போட்டு ஆடுகிற பெட்டி. என்னைவிட ஐந்து வயது பெரியவள், ஒரு ஆட்டம், ஒரே ஒரு ஆட்டம்கூட எனக்கு விட்டுக்கொடுத்ததில்லை. நான் தரையில் புரண்டு அழுவேன். "சின்னப் பையன்தானேடி, ஒரு தடவை விட்டுக்குடேன், என்ன கொறஞ்சு போச்சு" என்பாள் அம்மா. முடியாது என்பாள். ஏன்டி முடியாது? "அவன் நெசமா ஜெயிச்சா அவனுக்கே எப்படித் தெரியும்?" அன்றைக்கு எனக்கு அவளைக் கொல்ல வேண்டும்போல இருந்தது. பன்னிரண்டாவது வயதில் ஒரு நாள் ஜெயித்தேன். அது நிஜம் என்று எனக்குத் தெரிந்தது. மனிதர்களோடு ஆடினதில் எனக்கு மிச்சம் இருப்பது அந்த ஒரு நாள்தான், அவள் கல்யாணமாகிப் போன பிறகுதான் நான் மலை ஏறப் போனேன்.

இரண்டாவது ஆட்டம். மூன்று கோல் கொடுத்துவிட்டேன், நான் ஒன்றும் போடவில்லை. முன் அறையில் சபாபதி மாமா பலமாகச் சிரிக்கிறார், அப்பா சரிண்ணே, சரிண்ணே என்கிறார். அப்பாவுக்கு அந்த ஒரு வார்த்தைதான். பெண் பார்க்க வந்தபோது சரி, இன்றைக்கும் சரி. காபி டிகாஷன் வாசனை வருகிறது, நேரம் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். அக்கா சமையலறையிலிருந்து வந்து கதவோரப் பையைக் கொஞ்சம் நகர்த்தி வைக்கிறாள், ஒன்றும் இல்லாமல் நகர்த்துகிறாள், திரும்பும்போது டிவியைப் பார்க்கிறாள். புடவை கட்டித் தலை வாரிப் பூ வைத்திருக்கிறார்கள் அவளுக்கு. பார்க்கிறாள். நானோ கோல்கீப்பரைக் கம்பத்துக்குப் பக்கத்தில் சும்மா நிற்க வைத்திருக்கிறேன். அவளை ஏமாற்ற முடியாது. "கீப்பரை ஏன்டா நிறுத்தி வச்சிருக்க?" என்கிறாள், மெதுவாக. "மச்சானுக்கு இன்னும் கை பழகல" என்கிறார் அவர், திரையிலிருந்து கண் எடுக்காமல். அவள் என்னைத்தான் கேட்டாள், நான் இன்னும் வேகமாகப் பட்டனை அழுத்துகிறேன். அவள் நிற்கிறாள். பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, இடது கையை முன்னால் நீட்டி, விரல்களை விரித்து, அதையே பார்க்கிறாள். கீப்பர் நின்றானா நிற்கவில்லையா, தான் பார்த்தது சரிதானா என்று அந்தக் கையைக் கேட்கிறாள். போய்விடுகிறாள். அடிப்பாவி அம்மா. அடப்பாவி நான். இங்கேயும் அதையேதானே செய்துகொண்டிருக்கிறோம். ஒரு மத்தியானத்துக்குப் புண்ணியம் என்று அந்த வீட்டு மாமியார் உட்கார்ந்த இடத்தில் நான் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறேன். ஆமா அத்தான், வைக்கல அத்தான், சூப்பர் அத்தான்.

கீப்பரை நகர்த்துகிறேன். பந்தைப் பிடிக்கிறான். "ஓ" என்கிறார் அவர். வீரம் எல்லாம் இல்லை, அம்மா வந்துவிடுவாளோ என்று காது சமையலறைப் பக்கமே இருக்கிறது. ஆனால் ஆத்திரம் நன்றாக இருக்கிறது, ரொம்ப நாளைக்குப் பிறகு பசி எடுத்த மாதிரி. இடது பக்கம்தானே இழுக்கிறாய், வா, இடது பக்கமாகவே போவோம், கோட்டோரமாகவே பந்தைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறேன், குமிழை நான் தொடக்கூட வேண்டாம், அக்காவின் உடைந்த கன்ட்ரோலரே ஓட்டிக்கொண்டு போகிறது. ஒன்று. "பரவால்லியே மச்சான்." சிரிப்பு இருக்கிறது, பாதி மீசை வரைக்கும். மறுபடியும் இடது பக்கம். இரண்டு. இப்போது மச்சான் என்று சொல்லவில்லை. தலையணையிலிருந்து முதுகை எடுத்து நிமிர்ந்து உட்கார்கிறார். மூக்கால் மூச்சு விடுகிற சத்தம் கேட்கிறது. இந்தச் சத்தத்தைத்தானே அவள் தினம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருப்பாள், ஒவ்வொரு சாயங்காலமும், இந்தச் சத்தம் வந்ததும் கீப்பரை நிறுத்தப் பழகியிருப்பாள், அப்புறம் தோசையில், அப்புறம் பேச்சில், அப்புறம் எல்லாவற்றிலும். மூன்று. "பட்டன் ஒட்டுது" என்கிறார். வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை அத்தான், நீங்கள் கையில் வைத்திருப்பது புதுசு, இதை வெளியே சொல்லவில்லை, சொல்ல வாய் வரவில்லை, ஆனால் சூப்பரும் வரவில்லை. ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம்தான். அவருடைய ஆள் பந்தைத் தவற விடுகிறான். நான் எடுக்கிறேன். இடது பக்கம் முழுக்கக் காலி. ஓடுகிறேன், இருபத்தேழு வயசுக் கழுதை, பொம்மை ஆளோடு பொம்மைப் புல்லில் ஓடுகிறேன், கீப்பர் முன்னால் வருகிறான், அவன் தலைக்கு மேல் பந்தைத் தூக்கிவிடுகிறேன், பந்து வலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது, ஓரக்கண்ணில் ஏதோ அசைகிறது, மீசை இல்லை, கீழே, கட்டைவிரல், சிவப்பு சுவிட்சின் மேல் அந்தச் சுத்தமான கட்டைவிரல் மடங்குகிறது. திரை கறுப்பாகிறது.

"அடடா, கரண்ட் போயிடுச்சு" என்கிறார். சிரிக்கிறார். மீசை முழுக்கச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு ஒரு விநாடி நாக்கு நுனியில் ஆமா அத்தான் வந்து நிற்கிறது, சத்தியமாக நிற்கிறது, அவ்வளவு சுலபமாக இருக்கிறது அது. அம்மா சமையலறை வாசலில் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நிற்கிறாள். "ஆமா மாப்பிள்ளை, காலைலேர்ந்தே போயிப் போயித்தான் வருது" என்கிறாள். காலையிலிருந்து ஒரு தடவைகூடப் போகவில்லை. "ஞாயித்துக்கிழமைன்னா இப்படித்தான் கட் பண்ணுவான்" என்று சொல்லிக்கொண்டே சபாபதி மாமா முன் அறையிலிருந்து வருகிறார், பின்னால் அப்பா. "சரி, நேரமாச்சு, காபியைக் குடிச்சுட்டுக் கிளம்புவோம், ராகு காலம் வந்துடும்." எங்கள் தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கிறது. எங்கள் வீட்டு ஃபேன் சும்மா சுற்றாது, டக்கு டக்கு என்று ஊருக்கே சொல்லிக்கொண்டுதான் சுற்றும், அதன் காற்றில் சுவர்க் காலண்டரின் தாள் படபடக்கிறது, சபாபதி மாமாவின் துண்டு பறக்கிறது, அவரே அதை இழுத்துத் தோளில் போட்டுக்கொள்கிறார். ஐந்து பேர் இருக்கிறோம் அதன் அடியில். யாருக்கும் கேட்கவில்லை. அக்கா காபித் தட்டோடு வந்து நிற்கிறாள், தட்டில் விளிம்புவரைக்கும் ஊற்றின டம்ளர்கள். டிவியைப் பார்க்கிறாள். மேலே பார்க்கிறாள். என்னைப் பார்க்கிறாள். "அரசு, ஃபேன் ஓடுதாடா?" என்கிறாள். குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே கேட்கிறாள், தெரியாமல் கேட்கிறாள், நான் இல்லை என்று சொன்னால் இல்லை என்று எடுத்துக்கொண்டு அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள், அங்கே போய் மாத்திரை போட்டுக்கொள்வாள். அம்மாவின் கண் என்மேல் இருக்கிறது, வேண்டாம்டா என்கிறது.

"ஓடுதுக்கா" என்கிறேன். என் குரல் கேவலமாக, மீசை முளைக்கிற வயசுப் பையன் குரல் மாதிரி உடைந்து வருகிறது. "நல்லா ஓடுது."

"அது இன்வெர்ட்டர்ல ஓடும்" என்கிறார் அத்தான், பாயிலிருந்து எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு, எனக்குப் பாடம் சொல்கிற மாதிரி. அம்மா முந்திக்கொள்கிறாள். "ஆமா, இன்வெர்ட்டர்ல ஓடுது." அப்பா அம்மாவைப் பார்க்கிறார். இருபது வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறோம். கரண்ட் போனால் அப்பாதான் பனியனைக் கழற்றிவிட்டு விசிறியோடு வாசலில் போய் உட்காருவார். "நம்ம வீட்ல இன்வெர்ட்டர் எங்க இருக்கு?" என்கிறார். அம்மா முந்தானை நுனியை விரலில் சுற்றுகிறாள். அப்பா கோபமாகக் கேட்கவில்லை, அவருக்கும் உண்மையாகவே தெரிய வேண்டியிருக்கிறது, எங்கே இருக்கிறது, யார் வாங்கினார்கள், தன் சம்சாரம் எதைப் பார்த்து ஆமா என்றாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிகிறார். அத்தானுடைய காலுக்குப் பக்கத்தில் கையை நீட்டி, அந்தச் சிவப்பு சுவிட்சைப் போடுகிறார். டிவி பளிச்சென்று வருகிறது. அவர் நிமிர ரொம்ப நேரம் ஆகிறது. நிமிர்ந்து அத்தானைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை, அக்காவின் கையைத்தான் பார்க்கிறார், அவள் பிடித்திருக்கிற தட்டில் டம்ளர்கள் அசையாமல் இருக்கின்றன, ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அவளும் குனிந்து அதைத்தான் பார்க்கிறாள். சபாபதி மாமா தொண்டையைச் செருமுகிறார். "சரி சம்பந்தி, நேரமாகுது. பொண்ணை வரச் சொல்லுங்க." அப்பா எப்போதும்போலச் சரி என்று ஆரம்பிக்கிறார். "சரிண்ணே. நீங்க கிளம்புங்க. ராகு காலம் வந்துடும்." வாசுகி? என்கிறார் மாமா. "அவ இருக்கட்டும்" என்கிறார் அப்பா. "அவ வரல." அத்தான் சிரித்துக்கொண்டே, என்ன மாமா சின்ன விஷயத்தை, இப்ப என்ன நடந்துச்சு, ஒண்ணுமே நடக்கலையே என்கிறார். அதற்கு இந்தத் தடவை யாரும் ஆமா என்று சொல்லவில்லை. அம்மாகூட.

அவர்கள் கார் கிளம்புகிற சத்தம் கேட்கிறது. காபி தட்டிலேயே ஆறிக்கொண்டிருக்கிறது. சமையலறையில் அம்மா அழுதுகொண்டே பாத்திரம் தேய்க்கிறாள், நாளைக்கு அக்கம்பக்கத்துக்கு என்ன சொல்வது என்று எவர்சில்வர் குண்டானைக் கேட்கிறாள். அப்பா முன் அறையில் காலி நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார், எழுந்து வாசல் கதவைச் சாத்தக்கூடத் தோன்றாமல். அக்கா தலையிலிருந்து பூவை எடுத்துப் பையின் மேல் வைத்துவிட்டு வந்து பாயில் சப்பணம் போட்டு உட்கார்கிறாள். தலையணைகளைத் தூர எறிகிறாள். நான் நல்ல கன்ட்ரோலரை அவளிடம் நீட்டுகிறேன். "அதை நீயே வச்சுக்க. அந்த ஒடஞ்சதைக் குடு, அது என்னோடது." அது இடது பக்கம் இழுக்கும்க்கா என்கிறேன். "தெரியும்டா. நானா உடைச்சேன்?" என்கிறாள். பிறகு, "நான் உடைக்கல" என்கிறாள், என்னிடம் இல்லை, டிவியிடம். டேப் ஒட்டின விரிசலில் விரலை வைத்துப் பிடித்துக்கொள்கிறாள். திரை ஒருவரா இருவரா என்று கேட்கிறது. அவள் இருவர் என்பதைத் தட்டுகிறாள். "இங்க பாரு, விட்டுக்குடுத்தேன்னு மட்டும் தெரிஞ்சுது, கொன்னுடுவேன்." ராகு காலத்தில் ஆட்டம் ஆரம்பிக்கிறது. எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது, சிரிக்கிறாளா, அழுகிறாளா, ஒரு கோல், ஒரே ஒரு கோல் கொடுத்தால் என்ன, இன்றைக்குப் போய், பாவம். பார்க்கவில்லை. திரையை மட்டுமே பார்க்கிறேன். அவளுடைய ஆள் இடது பக்கமாகவே போகிறான், அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அவனை வலது பக்கம் திருப்பித் திருப்பி இழுக்கிறாள், நான் பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறேன். முதல் கோல். "நாசமாப் போறவனே" என்கிறாள். இரண்டாவது. மூன்றாவது. அவள் ஒன்றுகூடப் போடவில்லை. ஆட்டம் முடிந்து திரையில் அவள் தோற்றது பெரிய எழுத்தில் வருகிறது. அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், ரொம்ப நேரம்.

"தோத்துட்டேன்" என்கிறாள். "ஆமாக்கா" என்கிறேன்.

"இன்னொண்ணு போடு."